தோன்றா எழுவாய்

1

மன அழுத்தம் என்ற சொல் புழங்காத வீடு இன்று தமிழ்நாட்டில் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அது இருக்கிறது. ஓய்வூதியம் வாங்கும் பெரியவருக்கும் இருக்கிறது. இத்தனை பேர் வாயில் புழங்கும் சொல்லின் இலக்கணத்தை மட்டும் எவரும் பொருட்படுத்துவதில்லை. அழுந்துதல் தன்வினை, அழுத்துதல் பிறவினை. சேற்றில் கால் அழுந்துகிறது. முத்திரையைத் தாளில் அழுத்துகிறோம். அழுத்தம் என்ற பெயர் இவற்றுள் இரண்டாவதை ஒட்டி நிற்பது. அழுத்தம் உண்டு என்று ஒப்புக்கொண்டால், அழுத்துகிற ஒருவரோ ஒன்றோ உண்டு என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும். வாக்கியத்தில் அந்த எழுவாய் வெளிப்படாமல் இருக்கலாம். 'நாளை வருகிறேன்' என்னும்போது 'நான்' வெளிப்படாதது போல. அதைத் தோன்றா எழுவாய் என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். தோன்றவில்லை என்பதால் அது இல்லவே இல்லை என்று எழுதும் மாணவருக்கு மதிப்பெண் போடுவதில்லை.

கடந்த இருபது ஆண்டுகளாக நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் தியானத்தின் பெயரால் நடந்துவருவது, இந்த எழுவாயை வாக்கியத்திலிருந்தே நீக்கிவிடுகிற வேலை. இதுவே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு. தியானத்தின்மேல் எனக்கு வழக்கு எதுவுமில்லை. விடியற்காலையில் மொட்டை மாடியில் கண்மூடி அமர்ந்து, வரப்போகிற பகலைத் தாங்குவதற்குத் தம்மைத் தயார்செய்துகொள்கிற எவரையும் நான் ஏளனம் செய்யப்போவதில்லை. அழுத்துகிறவர்களே அழுந்துகிறவர்களுக்குத் தியானத்தை மருந்தாக எழுதிக்கொடுக்கிறார்கள். என் வழக்கு அந்த மருந்துச் சீட்டோடு.

2

எனக்குத் தெரிந்த உலகம் கல்லூரி. ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். சுயநிதிக் கல்லூரி ஒன்றின் உதவிப் பேராசிரியரை எடுத்துக்கொள்வோம். எந்தக் கல்லூரி என்று கேட்க வேண்டியதில்லை; படிப்பவர்களில் பலர் தம் கல்லூரி என்றே நினைத்துக்கொள்வார்கள். ஏப்ரல், மே மாதங்களில் அவருக்குக் கோடை விடுமுறை கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு எழுதிய பிள்ளைகளின் முகவரிப் பட்டியலோடு ஊர் ஊராகப் போய்க் கதவைத் தட்டி 'அட்மிஷன்' பிடிக்கிறார். ஆளுக்கு இத்தனை பேர் என்று இலக்கு உண்டு. எட்டாதவருக்கு என்ன ஆகும் என்பது எழுத்தில் இருக்காது, வாய்மொழியாக இருக்கும். அவருடைய மூலச் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் இரும்பு அலமாரிக்குள் இருக்கும். தேர்ச்சி விழுக்காடு இறங்கினால் விளக்கக் கடிதம். தர மதிப்பீட்டுக் குழு வருகிற ஆண்டென்றால் இரவு ஒன்பது மணிவரை கோப்புகள். அரசுக் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் நிலை வேறு விதம். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு அவருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு மிகுதியாகப் போனால் 50,000 ரூபாய் என்று நெறிமுறை வகுத்தது. அந்தத் தொகையைக் கேட்டு அவர்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. கௌரவம் பதவியின் பெயரில் மட்டும் தவறாமல் இருந்துவருகிறது.

இத்தகைய ஆசிரியர்களைக் கருத்தரங்கக் கூடத்தில் கூட்டிவைத்து ஆண்டுக்கு ஒருமுறை 'மன அழுத்த மேலாண்மைப் பயிலரங்கு' நடத்தப்படுகிறது. மாணவர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு. தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பும் அறிக்கையில் 'வாழ்க்கைத் திறன்கள்' என்ற தலைப்பில் யோகாவும் உடல்நலமும் சார்ந்த நிகழ்ச்சிகளைக் காட்ட இடம் இருக்கிறது. இடமும் நேரமும் பதிந்த புகைப்படம் ஒன்று அதற்குச் சான்றாக வேண்டும். கண்மூடி அமர்ந்திருக்கும் நூறு பேரின் படம் கோப்புக்கு அழகு. பேச்சாளர் இனிமையானவர். மூச்சைக் கவனியுங்கள் என்கிறார். எண்ணங்களோடு சண்டை போடாதீர்கள், மேகங்களைப் போலக் கடந்து போக விடுங்கள் என்கிறார். கண்மூடியவர்களின் மனத்தில் வரும் எண்ணங்கள் எவை? இன்னும் பிடிக்க வேண்டிய எட்டு அட்மிஷன், அலமாரியில் இருக்கும் சான்றிதழ், ஐந்தாம் தேதித் தவணை. இவற்றில் எது மேகம்? அலமாரியின் சாவி கூடத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. நிகழ்ச்சியைத் தொடங்கிவைத்துக் குத்துவிளக்கு ஏற்றியதும் அந்தக் கைதான்.

இது கல்லூரிக்குள் அடங்கிய நோயும் அன்று. புனேயில் பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்த நான்கே மாதங்களில், 2024 ஜூலையில், 26 வயதுப் பெண் தணிக்கையாளர் ஒருவர் இறந்தார். வேலைப்பளுவே மகளைக் கொன்றது என்று தாய் நிறுவனத்துக்கு எழுதிய கடிதம் செப்டம்பரில் வெளிவந்தது. நிறுவனம் அதை மறுத்தது. அதே மாதம் சென்னையில் ஒரு தனியார் கல்வி நிறுவன விழாவில் அந்த மரணத்தைக் குறிப்பிட்ட நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் கற்றுத்தர வேண்டும் என்றும், இறைநம்பிக்கையால் அந்த ஆற்றல் வளரும் என்றும் பேசினார். கண்டனம் எழுந்தபின், அந்த நிறுவனம் தியானக்கூடமும் வழிபாட்டிடமும் அமைத்திருப்பதை ஒட்டியே பேசியதாக விளக்கம் தந்தார். அவருடைய உள்நோக்கத்தை நான் ஆராயவில்லை. வேலை நேரத்தைப் பற்றிய ஒரு கேள்வி எவ்வளவு எளிதாக இறந்தவரின் மனவலிமையைப் பற்றிய கேள்வியாக மாறிவிடுகிறது என்பதை மட்டும் சுட்டுகிறேன். நாட்டின் நிதியமைச்சருக்கும் கல்லூரிப் பயிலரங்கின் பேச்சாளருக்கும் வாக்கிய அமைப்பு ஒன்றாக இருக்கிறது.

3

தொல்காப்பியர் இந்த இடத்தில் தெளிவாக இருந்தார். மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொன்னவர், ஒவ்வொன்றும் எவற்றை நிலைக்களனாகக் கொண்டு பிறக்கும் என்று நான்கு நான்காக வகுத்தும் காட்டினார். அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. மெய்ப்பாட்டியல் உளவியல் நூலன்று, செய்யுளுக்கு இலக்கணம் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஓர் உணர்ச்சியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அது எதை நோக்கி எழுந்தது என்று கேட்க வேண்டும் என்ற அறிவு அந்த வகைப்பாட்டில் இருக்கிறது. அச்சப்படுகிறவனை நிறுத்தி, உன் அச்சத்தை உற்றுக் கவனி என்று அவர் சொல்லவில்லை. எதிரே நிற்பது புலியா, கள்வனா, உன்னை ஆள்பவனா என்று கேட்கிறார்.

நான்காவதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பு உண்டாகிறது. பேய்க்கும் புலிக்கும் திருடனுக்கும் அடுத்ததாக, தம்மை ஆள்பவரை வைத்தார். இன்றைய பதற்றத்தின் பெரும்பகுதி அந்த நான்காம் வகையில் அடங்கும். மேலாளர், தாளாளர், தவணை கேட்டுத் தொலைபேசியில் வருகிற குரல், நள்ளிரவில் புலனக் குழுவில் விழும் ஆணை, எல்லாம் 'தம் இறை'தான். அழுகைக்கு வறுமையும் காரணம் என்பதை மறவாத இலக்கணியின் மொழியைப் பேசும் நாம், ஊதியம் போதாமல் உறக்கம் கெட்டவரிடம் 'உங்கள் எண்ண ஓட்டத்தைச் சரிசெய்யுங்கள்' என்கிறோம்.

வள்ளுவரும் துணைக்கு வருகிறார். அஞ்சத்தக்கதற்கு அஞ்சாதிருப்பதை அவர் பேதைமை என்று வைத்தது அறிவுடைமை அதிகாரத்தில். அச்சம் சில வேளைகளில் அறிவின் வேலை. நெருப்புப் பிடித்த வீட்டில் எழும் பதற்றத்தை நோயென்று சொல்ல மாட்டோம். பதற்றம் அடங்கிவிட்டது, வீடு இன்னும் எரிகிறது என்றால் அங்கே குணமானது எது?

4

'ஸ்ட்ரெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றிலும் இதே எழுவாய் நீக்கம் நடந்திருக்கிறது. பொருளியற்பியலில் அச்சொல் விசையைச் சார்ந்தது. அதனால் பொருளில் நேரும் உருமாற்றத்துக்கு 'ஸ்ட்ரெய்ன்' என்று வேறு சொல். நம் பள்ளிப் பாடநூல்களும் தகைவு, திரிபு என்று இரண்டாகவே பிரித்துச் சொல்கின்றன. கனடாவின் மான்ட்ரியலில் எலிகளை வைத்து ஆராய்ந்த ஹான்ஸ் செல்யே, 1936இல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார். தீங்கு எதுவாயினும் உடல் ஒரே மாதிரியான எதிர்வினை காட்டுகிறது என்பது அதன் சாரம். பின்னாளில் அந்த எதிர்வினைக்கு அவர் சூட்டிய பெயர்தான் ஸ்ட்ரெஸ். விசைக்குரிய சொல் விசைக்கு ஆளானவனின் நிலைக்குப் பெயராயிற்று. அன்றிலிருந்து அழுத்தம் என்பது 'எனக்குள் இருக்கும் ஒன்று'.

காரணத்தை உள்ளே வைப்பதால் யாருக்கு ஆதாயம் என்பதற்கும் செல்யேயின் வாழ்விலேயே விடை உண்டு. வழக்குகளின் வழியே வெளிவந்த புகையிலை நிறுவனங்களின் உள் ஆவணங்களை ஆராய்ந்து 2011இல் வெளியான ஒரு கட்டுரை, அந்நிறுவனங்கள் செல்யேயின் ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்ததை எடுத்துக்காட்டியது. மாரடைப்புக்கு மன அழுத்தம் காரணம் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்வரை சிகரெட்டின் மேல் விழும் பார்வை சற்று விலகும் அல்லவா? அழுத்தம் உண்மை, அதைச் சுட்டிய விரலுக்குப் பின்னால் இருந்த கணக்கும் உண்மை.

அடுத்து 1979. அவ்வாண்டு இரண்டு நிகழ்ச்சிகள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-சின் ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். மருத்துவம் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிட்ட நாள்பட்ட வலியுடைய நோயாளிகளுக்கு எட்டு வாரம் தியானப் பயிற்சி கொடுத்தார். இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று உலகெங்கும் விற்பனையாவதன் ஊற்று அதுவே. அதே ஆண்டில் ராபர்ட் கராசெக் என்ற ஆய்வாளர், அமெரிக்க, சுவீடன் நாட்டுத் தொழிலாளர் தரவுகளைக் கொண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலைச்சுமை மிகுந்தும், அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தும் இருக்கிற இடத்தில்தான் மனம் நொறுங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. வேலையின் அமைப்பை மாற்றி அந்த உரிமையைக் கூட்டினால், உற்பத்தி குறையாமலே நொறுங்கலைக் குறைக்கலாம் என்றும் எழுதினார். பின்னர் லண்டனில் மைக்கேல் மார்மட் குழுவினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களை 1985 முதல் பின்தொடர்ந்து செய்த ஆய்வும், தம் வேலையின்மேல் பிடி இல்லாதவர்க்கு இதயநோய் மிகுதி என்று காட்டியது.

ஒரே ஆண்டில் பிறந்த இவ்விரு கருத்துகளில் எது நம் கருத்தரங்கக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது? கபாட்-சின்னின் பெயர் தெரிந்த நிர்வாகிகள் உண்டு. கராசெக்கை எந்தத் தாளாளராவது பேச அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முன்னதற்கு ஒரு நாள் மதிப்பூதியமும் ஒரு பொன்னாடையும் போதும். பின்னதற்கு நிர்வாகம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுத்தர வேண்டும். கபாட்-சின் எடுத்துக்கொண்டது மாற்ற முடியாத வலியை. மாற்ற முடியாததை உற்றுக் கவனித்து அதனோடு வாழக் கற்பது அறிவுடைமை. ஊதியமும் வேலை நேரமும் அத்தகைய வலிகள் அல்ல. ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டால் நாளையே மாறக்கூடியவை. அவற்றை முதுகெலும்பு நோயைப் போலத் தீராதவை என்று காட்டுவதில்தான் மோசடி இருக்கிறது.

5

தியானம் பயன் தருவது ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டதாயிற்றே என்று நண்பர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி, ஆய்வுகளைப் பார்ப்போம்.

2014இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், 3,515 பேர் பங்கேற்ற 47 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்ட கட்டுரை வந்தது. பதற்றம், சோர்வு, வலி ஆகியவற்றில் தியானப் பயிற்சிக்கு மிதமான சான்று இருக்கிறது என்றது. அன்றாட அழுத்தத்தைக் குறைப்பதற்கான சான்று குறைவு என்றது. உடற்பயிற்சி, மருந்து போன்ற பிற வழிகளைவிட மேலானது என்பதற்குச் சான்றே இல்லை என்றது. 2022இல் வெளியான மற்றோர் ஆய்வில், பதற்ற நோயுள்ள 276 பேரில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சியும், மறுபகுதியினருக்கு எசிட்டாலோபிராம் என்ற வழக்கமான மருந்தும் தரப்பட்டன. தியானம் மருந்துக்குப் பின்தங்கவில்லை. மதிக்கத்தக்க முடிவு. ஆனால் அந்தப் பயிற்சி எத்தகையது? வாரந்தோறும் இரண்டரை மணி நேர வகுப்பு, வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி நேரம், இடையே ஒரு முழுநாள் அமர்வு. மதிய உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் கண்மூடி உட்காரவைத்துப் புகைப்படம் எடுப்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது. நாள்தோறும் முக்கால் மணி நேரம் ஓய்வாக இருக்க முடிகிறவருக்கு அழுத்தம் பாதி குறைந்திருக்கும் என்பது வேறு கதை.

நிறுவனங்களில் கூட்டமாகக் கொடுக்கும்போது என்ன ஆகிறது? பிரிட்டனில் எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு பெற்ற பிள்ளைகள், வழக்கமான பாடம் பெற்ற பிள்ளைகளைவிட மனநலத்தில் மேலாக இல்லை. அலுவலகங்களுக்கு வருவோம். பிரிட்டனின் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவுகளை ஆராய்ந்த வில்லியம் ஃபிளெமிங்கின் கட்டுரை 2024இல் வெளியாயிற்று. தியானம், மனவுறுதிப் பயிற்சி, செயலி என்று தனிமனிதரைச் சரிசெய்ய முயலும் திட்டங்களில் பங்கேற்றவர்கள், பங்கேற்காதவர்களைவிட நலமாக இருப்பதாகத் தெரியவில்லை. ஆக, தானே தேடிப் போய் முறையாகப் பயின்ற நோயாளிக்குத் தியானம் உதவுகிறது. சுற்றறிக்கை வழியே வரும்போது உதவுவதாகத் தெரியவில்லை. நம் நிர்வாகங்கள் முதல் ஆய்வின் பெயரைச் சொல்லி இரண்டாவதை விற்கின்றன.

எல்லோருக்கும் பொருந்தும், தீங்கே இல்லை என்பதும் சரியன்று. தியானம் செய்தவர்களிடையே அச்சமும் பீதியும் உறக்கக் கேடும் தோன்றிய அனுபவங்களை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள். பழைய காயம் ஒன்றைச் சுமந்துகொண்டிருக்கும் மாணவியைத் திடீரென்று கண்மூடி உள்ளே பார்க்கச் சொல்லும் பேச்சாளர், நாலு மணிப் பேருந்துக்குக் கிளம்பிவிடுவார். அன்றிரவு விடுதி அறையில் அந்தப் பெண்ணோடு இருக்கப்போவது யார்?

6

இன்னொரு பக்கமிருந்து ஓர் எதிர்ப்பு வரும். இது நம் முன்னோர் தந்த சொத்து, இதைக் குறை சொல்லலாமா என்பார்கள். சொத்தின் பத்திரத்தைப் பிரித்துப் படித்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை.

பதஞ்சலியின் எட்டு உறுப்புகளில் தியானம் ஏழாவது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் விரிக்கும் அட்டாங்க யோகத்திலும் அது ஏழாவது. புத்தரின் எண்வகை மார்க்கத்தில் நற்கடைப்பிடி, அதாவது இன்று மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர்பெற்றது, அதுவும் ஏழாவது. ஏழாவது படிக்கு முன்னால் ஆறு படிகள் இருக்கின்றன. யோகத்தில் முதற்படி இயமம்: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை. பௌத்தத்தில் ஐந்தாவது நல்வாழ்க்கை, அதாவது பிறரை வதைக்காமல் பிழைப்பு நடத்துதல். ஊழியரின் மாலை நேரத்தைத் திருடும் நிர்வாகம் கள்ளாமையைத் தாண்டிக் குதித்துத் தியானத்துக்கு வருகிறது. ஏழாவது மாடியை மட்டும் விலைக்கு வாங்கி, கீழே தூண் எதற்கு என்று கேட்பது போல.

பாலி மொழியின் 'சதி' என்ற சொல்லை மைண்ட்ஃபுல்னெஸ் என்று பெயர்த்தவர் ரைஸ் டேவிட்ஸ். இலங்கையில் ஆங்கில அரசின் அதிகாரியாக இருந்து பாலி கற்றவர். வடமொழியில் அது ஸ்மிருதி; வேர்ப்பொருள் நினைவு, மறவாமை. தமிழில் மறவாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது: பொச்சாவாமை, ஐம்பத்து நான்காவது. வள்ளுவர் அதைத் துறவறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில் வைத்தார். கவனம் தவறக் கூடாது என்ற அறிவுரையை அவர் முதலில் யாருக்குச் சொன்னார் என்றால், ஆளுகிறவனுக்கு. தன் வளத்தில் மயங்கிக் கடமையை மறக்காதே என்று அதிகாரத்தில் இருப்பவனை எச்சரிக்கும் பகுதி அது. நாமோ அதைத் தலைகீழாக்கி, ஆளப்படுகிறவர்களை வரிசையில் உட்காரவைத்துக் கவனம் பழக்குகிறோம்.

விபசனாவை இந்தியாவுக்கு மீண்டும் கொண்டுவந்த கோயங்கா, பர்மாவில் பிறந்த வணிகர். தீராத ஒற்றைத் தலைவலியோடு 1955இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் போனார். தலைவலிக்கு மருந்தாகத் தம்மத்தைத் தர மாட்டேன் என்று அவர் முதலில் மறுத்துவிட்டதைக் கோயங்காவே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். ஊ பா கின் துறவியல்லர். பர்மா அரசின் தலைமைக் கணக்காயர். தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியான வகுப்பு நடத்தியவர். மேலதிகாரி தியானம் கற்பித்ததற்கு முன்னுதாரணம் வேண்டுமென்றால் அவரைக் காட்டலாம். ஆனால் அவர் முதலில் தாம் அமர்ந்தார். நம் பயிலரங்குகளில் குத்துவிளக்கு ஏற்றியவர் வேறு அலுவல் இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுகிறார்.

துன்பத்துக்கு வேர் உள்ளே இருக்கும் வேட்கைதான் என்றல்லவா பௌத்தம் சொல்கிறது என்று கேட்கலாம். சொல்கிறது. ஆனால் தமிழில் எழுதப்பட்ட பெரும் பௌத்தக் காப்பியத்தின் நாயகி என்ன செய்தாள்? நிலையாமையைக் கற்றாள், தவத் திறம் பூண்டாள். கூடவே கையில் அமுதசுரபியை ஏந்திப் பசியைப் பிணி என்று கண்டு தீர்த்தாள். சிறைக்கோட்டத்துக்குள் போனவள், கைதிகளுக்கு மூச்சுப் பயிற்சி தரவில்லை. அந்தச் சிறையையே அறக்கோட்டமாக்கும்படி அரசனிடம் கேட்டாள், ஆக்கினாள். உள்ளே பார்ப்பதும் வெளியே மாற்றுவதும் மணிமேகலைக்கு ஒரே வேலையின் இரண்டு கைகள். ஒரு கையை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் மரபு என்று நமக்கு விற்கிறார்கள்.

7

எல்லா எதிர்ப்புகளிலும் வலுவானது ஒன்று மீதமிருக்கிறது. 'உலகம் மாறுகிற அன்றைக்கு மாறட்டும். இன்றிரவு எனக்குத் தூக்கம் வர வேண்டும். அதற்கு என்ன சொல்கிறீர்?'

இதற்கு முன்னால் நான் தலைவணங்குகிறேன். தூங்குவதற்கு எது உதவினாலும் செய்யுங்கள். மூச்சைக் கவனியுங்கள், நடந்துவிட்டு வாருங்கள், தேவாரம் பாடுங்கள், மருத்துவரைப் பாருங்கள். நோய் முற்றியவர்க்கு மருத்துவர் முதலில், மற்றவை பிறகு. தலைவலித் தைலம் தடவிக்கொள்வது குற்றமன்று. தலையில் குட்டிக்கொண்டே இருப்பவர் தைலப் புட்டியை நீட்டும்போது மட்டும், அதை வாங்குவதற்குமுன் அவர் கையைப் பிடிக்க வேண்டும். அடுத்த முறை தியானச் சுற்றறிக்கை வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இது யாருடைய நேரத்தில் நடக்கிறது, வேலை நேரத்திலா, ஞாயிற்றுக்கிழமையிலா? நிர்வாகத்தில் இருப்பவர்களும் எங்களோடு கடைசிவரை அமர்வார்களா? கண் திறந்தபின், எங்கள் அழுத்தத்துக்குக் காரணம் எவை என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் அதற்கு எழுத்தில் பதில் வருமா? மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்கும் இடத்தில் நானும் வந்து உட்காருகிறேன்.

உட்காருவதிலும் வகை உண்டு. கேரளத்தில் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுதும் நின்றபடியே வேலை செய்தார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது என்பது கடை விதி. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் 'பெண்கூட்டு' என்ற அமைப்பாகத் திரண்ட அவர்கள், உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று விதித்தது. கால் வீங்கி, சிறுநீரை அடக்கி, வீட்டுக்குப் போனதும் பிள்ளைமேல் எரிந்து விழுந்த பெண்களுக்கு மன அழுத்தம் இல்லாமலா இருந்திருக்கும்? தங்கள் மனத்தில் குறை என்று அவர்கள் எண்ணியிருந்தால் இன்றும் நின்றுகொண்டே இருந்திருப்பார்கள். கடையில் முக்காலி இல்லை என்று கண்டதே அவர்களுடைய விழிப்பு.

2023 ஏப்ரலிலும் இதுவே நடந்தது. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன; பத்து நாளில், மே முதல் தேதி, திரும்பப் பெறப்படுவதாக அறிவிப்பு வந்தது. அந்த நான்கு மணி நேரம் தொழிலாளிக்கு மிஞ்சியது. அதில் அவர் தியானம் செய்யட்டும், தூங்கட்டும், திண்ணையில் வெறுமனே உட்கார்ந்திருக்கட்டும்.

மனத்தை அடக்கு என்று சொல்லும் குரல் எல்லா யுகத்திலும் உண்டு. அது ஞானியின் குரலாக வரும்போது வணங்கிக் கேட்கலாம். சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவரின் குரலாக வரும்போது, கண்ணை மூடுவதற்குமுன் வாக்கியத்தை ஒருமுறை பகுத்துப் பார்ப்பது நல்லது. பயனிலை எது, செயப்படுபொருள் யார் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். எழுவாயை எழுதச் சொல்லிக் கேட்போம்.